பாஸ்டன் 2013: நமக்காகக் காத்து நின்றவர்களுக்கு நன்றி சொல்வது எப்படி?

நேட்டிக்வாசி (இழையைத் தொடங்கியவர்), 16 ஏப்ரல் 2024

நேற்று பாஸ்டன் மராத்தான் நடந்து முடிந்தது. முடிவுக் கோட்டருகே குண்டுகள் வெடித்த 2013ஆம் ஆண்டைப் போலவே இம்முறையும் ஓட்டம் ஏப்ரல் 15, திங்கட்கிழமையன்று வந்தது. அன்றைப் போலவே அதற்கு முதல் நாள் சித்திரைப் பிறப்பு. நாள்காட்டி இப்படி ஒத்துப்போனதால்தானோ என்னவோ, பதினொரு ஆண்டுகளாக மனத்திற்குள்ளேயே வைத்திருந்த ஒரு கேள்வியை இந்த ஆண்டு உங்கள் முன் வைக்கத் தோன்றியது.

2013இல் நான் ஒரு புற்றுநோய் ஆராய்ச்சி அறக்கட்டளைக்காக ஓடினேன். தகுதி நேரத்திற்குள் ஓடக்கூடிய கால்கள் எனக்கு இல்லை. நன்கொடை திரட்டித் தந்தால் ஓட இடம் கிடைக்கும் என்ற வழியில்தான் உள்ளே வந்தேன். உடன் வேலை பார்ப்பவர்கள், உறவினர்கள், என் மகனின் பள்ளித் தோழர்களின் பெற்றோர் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுத் தொகையைச் சேர்த்தவர் என் மனைவி. அந்தக் குளிர்காலம் முழுவதும் ஞாயிறு விடியலில் நான் ஓடப் போனபோது வீட்டையும் ஆறு வயது மகனையும் பார்த்துக்கொண்டவரும் அவரே. கும்பகோணத்திலிருந்து வந்திருந்த என் அக்கா, "எதற்கடா இவ்வளவு தூரம் ஓடுகிறாய்?" என்று முதலில் கடிந்துகொண்டாலும், யாருக்காக ஓடுகிறேன் என்று தெரிந்த பிறகு தினமும் இரவில் என் பாதங்களுக்கு எண்ணெய் தடவிவிட்டார்.

ஏப்ரல் 14 அன்று வீட்டில் மாங்காய்ப் பச்சடி. மறுநாள் ஓட வேண்டும் என்பதால் வயிற்றுக்குப் பயந்து நான் எதையும் தொடவில்லை. வேப்பம்பூ ஒரு துளியாவது நாவில் பட்டாக வேண்டும் என்று அக்கா ஊட்டிவிட்டார்.

மறுநாள் அவர்கள் மூவரும் பாய்ல்ஸ்டன் தெருவில், முடிவுக் கோட்டுக்கு அருகே, நடைபாதையின் வடக்குப் பக்கத்தில் பகல் ஒரு மணிக்கே இடம் பிடித்து நின்றார்கள். கோட்டைத் தாண்டும்போது என்னைப் படம் எடுக்க வேண்டும் என்பது மனைவியின் ஆசை. இரண்டு மணிக்குப் பிறகு அக்கா அங்கே நிற்க மறுத்து, ஹெர்ஃபர்டு தெருவிலிருந்து ஓட்டக்காரர்கள் திரும்பும் முனைக்குப் போகலாம் என்று பிடிவாதம் பிடித்தார். அக்கா உயரம் குறைந்தவர், முழங்கால் வலியும் உண்டு. கூட்டத்தில் நிற்க முடியாமல்தான் கேட்கிறார் என்று எண்ணிய மனைவி, மனமில்லாமல் அவருடன் நடந்தார். 2.49க்கு முதல் குண்டு வெடித்தது. சில நொடிகளில், அவர்கள் முன்பு நின்றிருந்த இடத்திற்கு மிக அருகில், இரண்டாவது குண்டு வெடித்தது.

அப்போது நான் காமன்வெல்த் அவென்யூவில், மாசசூசெட்ஸ் அவென்யூவுக்கு அடியில் செல்லும் சுரங்கப் பாதையை நெருங்கிக்கொண்டிருந்தேன். முடிவுக் கோட்டுக்கு இன்னும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான் இருந்தது. காவலர்கள் எங்களை நிறுத்தினார்கள். கையில் தொலைபேசி இல்லை. வியர்வை காய்ந்து உடல் நடுங்கத் தொடங்கியது. பக்கத்து வீட்டிலிருந்து இறங்கி வந்த ஒரு பெண்மணி குப்பைப் பையில் தலைக்கும் கைகளுக்கும் ஓட்டையிட்டு எனக்கு மாட்டிவிட்டு, தன் தொலைபேசியையும் நீட்டினார். அழைப்புகள் போகவில்லை. ஒரே ஒரு குறுஞ்செய்தி போய்ச் சேர்ந்தது. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்து ஹார்வர்டு பாலத்தின் தொடக்கத்தில் அவர்களைக் கண்டேன். அக்கா கேட்ட முதல் கேள்வி, "கால் எப்படி இருக்கிறது?" என்பதுதான். பிறகு பைக்குள் இருந்த டப்பாவைத் திறந்து, பாலத்தின் கைப்பிடிச் சுவரை ஒட்டி என்னை உட்கார வைத்து, எலுமிச்சைச் சாதம் கொடுத்தார்.

அவருக்கு நான் இன்றுவரை நன்றி சொல்லவில்லை. மனைவியிடமும் சொன்னதில்லை. அக்காவுக்கு இப்போது எழுபது வயது ஆகிறது. இந்தக் கோடையில் ஊருக்குப் போகும்போது சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். மனைவியோ, "உடன்பிறந்தவரிடம் நன்றி என்று சொன்னால் அவரை மூன்றாம் மனிதராக்கியதுபோல் ஆகிவிடும், வருத்தப்படுவார்" என்கிறார். இன்னொரு உறுத்தலும் உண்டு. ஊரில் எல்லோரும் "கடவுள் உங்களைக் காப்பாற்றினார்" என்கிறார்கள். அந்தச் சொற்களை என்னால் முழு மனத்தோடு ஏற்க முடியவில்லை. இத்தகைய அனுபவம் உள்ளவர்கள் எழுத வேண்டுகிறேன்.

கொள்ளிடம், 16 ஏப்ரல் 2024

உங்கள் மனைவி சொல்வதில் நியாயம் உண்டு. எங்கள் வீட்டில் "நன்றி" என்ற சொல் வெளியாருக்கு மட்டுமே உரியது. என் தந்தை தம் தமையனுக்கு வாழ்நாள் முழுவதும் கடமைப்பட்டிருந்தார்; ஒரு முறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் ஒவ்வோர் அறுவடையிலும் முதல் மூட்டை பெரியப்பா வீட்டுத் திண்ணைக்குப் போய்விடும். சொல்லாமலே புரிந்துகொள்ளும் உறவில் சொல் தேவையில்லை என்பது என் கருத்து.

இரவுப்பணி, 16 ஏப்ரல் 2024

ஐயா, நான் செவிலியர். அன்று பாஸ்டன் மருத்துவமனை ஒன்றில் பணியில் இருந்தேன். உங்கள் இரண்டாவது உறுத்தலைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது.

அன்று 260க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். 17 பேர் கால்களை இழந்தார்கள். மூவர் உயிரிழந்தார்கள். ஆனால் உயிரோடு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டவர்களில் ஒருவர்கூட இறக்கவில்லை. இதை அற்புதம் என்று பலர் சொல்வதுண்டு. உள்ளே நின்று பார்த்தவள் என்ற முறையில், அது மனிதர்கள் செய்து முடித்த வேலை என்று சொல்ல வேண்டும். நீரிழப்புக்கும் தசைப்பிடிப்புக்குமாக முடிவுக் கோட்டருகே போடப்பட்டிருந்த மருத்துவக் கூடாரத்தில் மருத்துவர்களும் செவிலியர்களும் ஏற்கெனவே இருந்தார்கள். பெரியவர்களுக்கான உயர்நிலை விபத்துச் சிகிச்சை மையங்கள் ஐந்து, சில மைல் தொலைவுக்குள் அமைந்த நகரம் இது. காயமடைந்தவர்களை ஒரே இடத்தில் குவிக்காமல் ஆம்புலன்ஸ் பணியாளர்கள் பிரித்து அனுப்பினார்கள். மூன்று மணிக்கு ஷிப்ட் மாறும் நேரம் என்பதால் போகிறவர்களும் வருகிறவர்களும் ஒன்றாக இருந்தோம்; போகிறவர்கள் போகவில்லை.

எல்லாவற்றுக்கும் முன்பு, நடைபாதையிலேயே காயத்துக்கு மேலே இடுப்புவாரையும் கிழித்த சட்டையையும் இறுக்கிக் கட்டி இரத்தத்தை நிறுத்த முயன்றவர்கள் இருந்தார்கள். அவர்களில் பலர் மருத்துவம் படித்தவர்கள் அல்லர். நினைவு தெளிந்த பிறகு, தங்கள் காலில் வாரைக் கட்டியது யார் என்று கேட்டவர்கள் உண்டு. முகம் தெரியாத ஒருவரைத் தேடி நன்றி சொல்ல வேண்டும் என்று அவர்கள் தவித்ததைப் பார்த்திருக்கிறேன்.

என்னைப் பற்றியும் ஒரு வரி. அன்று நள்ளிரவு கடந்து வெளியே வந்தபோது வாகன நிறுத்துமிடத்தில் என் கணவர் காரில் தூங்கிக்கொண்டிருந்தார். மாலை ஆறு மணியிலிருந்து அங்கே இருந்திருக்கிறார். எனக்குத் தொந்தரவாக இருக்கும் என்று செய்தி அனுப்பவில்லை. ஃபிளாஸ்கில் இருந்த ரசம் ஆறிப் போயிருந்தது. அதைக் குடித்துவிட்டுத்தான் அழுதேன். நானும் அவரிடம் நன்றி என்று சொல்லவில்லை. ஆனால் சொல்லாததை எண்ணி இப்போது வருந்துகிறேன். கொள்ளிடம் ஐயா சொல்வதுபோல் சொல் தேவையில்லை என்று என்னால் அமைதியாக இருக்க முடியவில்லை, ஏனென்றால் அவர் இப்போது இல்லை.

தெற்குவாசல், 17 ஏப்ரல் 2024

"கடவுள் காப்பாற்றினார்" என்ற சொற்றொடரைப் பற்றி எழுத வேண்டும் என்று நேற்றிலிருந்து யோசித்தேன். நான் கடவுள் நம்பிக்கை உள்ளவன். நம்பிக்கை உள்ளவன் என்பதாலேயே அந்தச் சொல்லை இந்த இடத்தில் பயன்படுத்தத் தயங்குகிறேன்.

அன்று அந்த நடைபாதையில் யார் நின்றார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். பந்தயத்தில் வென்றவர்கள் நண்பகலுக்கு முன்பிருந்தே கோட்டைக் கடக்கத் தொடங்கிவிட்டார்கள், 2.49க்கு அவர்கள் தங்கள் விடுதி அறைகளில் இருந்திருப்பார்கள். ஓட்டக்காரர்களை அலை அலையாகப் பிரித்து அனுப்பியதில், மூன்றாவது அலையில் 10.40க்குப் புறப்பட்டவர்களுக்கு அப்போது நான்கு மணி நேரமும் ஒன்பது நிமிடங்களும் ஆகியிருந்தன. அந்த நேரத்தில் கோட்டை நெருங்கியவர்களில் நேட்டிக்வாசி போன்று அறப்பணிக்காக ஓடியவர்கள், முதன்முறை ஓடியவர்கள், நோயிலிருந்து மீண்டவர்கள், இறந்த தாயின் பெயரைச் சட்டையில் எழுதிக்கொண்டு ஓடியவர்கள் மிகுதி. இவர்களுக்காகக் காத்து நின்றவர்கள் பந்தயம் பார்க்க வந்த ரசிகர்கள் அல்லர், குடும்பத்தினர். ஒருவர் மீது கொண்ட அன்பே அவர்களை அந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. அன்றைய ஓட்டம், முந்தைய டிசம்பரில் நியூடவுன் பள்ளியில் சுட்டுக் கொல்லப்பட்ட குழந்தைகளுக்காகவும் ஆசிரியர்களுக்காகவும் 26 நொடி மௌனத்தோடு தொடங்கியது என்பதையும், பாதையின் 26ஆவது மைல் அவர்களுக்கு அர்ப்பணிக்கப்பட்டிருந்தது என்பதையும் நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

இறந்தவர்களில் மார்ட்டின் ரிச்சர்டுக்கு எட்டு வயது. பெற்றோரோடும் உடன்பிறந்தவர்களோடும் ஓட்டத்தைப் பார்க்க வந்து நின்ற குழந்தை. அதே நடைபாதையில், அதே நாளில், அதே அன்போடு உங்கள் மகனும் நின்றிருந்தான். உங்கள் மகனைக் கடவுள் காப்பாற்றினார் என்று சொன்னால், அந்தத் தாயின் காதில் அது என்னவாக விழும்? அவர் கைவிடப்பட்டார் என்றல்லவா பொருள் வரும்? உயிர் பிழைத்ததற்கு நன்றியோடு இருப்பது வேறு, நாம் தேர்ந்தெடுக்கப்பட்டோம் என்று எண்ணுவது வேறு. முன்னது நம்மைப் பணிய வைக்கிறது. பின்னது, நாம் அறியாமலே, பிறர் துயரத்தின் மீது ஏறி நிற்கிறது.

பாஸ்டன் துறைமுகத்தை ஒட்டி, குழந்தைகள் அருங்காட்சியகத்திற்கு அருகில் 2019 முதல் மார்ட்டின் பூங்கா இருக்கிறது. சக்கர நாற்காலியில் வரும் குழந்தைகளும் எல்லோரோடும் சேர்ந்து விளையாடும்படி அமைத்திருக்கிறார்கள். அந்தப் பையனின் பெயரில் இயங்கும் அறக்கட்டளைக்காக இன்றும் பாஸ்டனில் ஓடுகிறார்கள். என் பேத்தியை அங்கே அழைத்துச் செல்லும்போது, நாங்கள் பிழைத்தோம் என்ற எண்ணத்தைவிட, அவன் குடும்பம் தங்கள் துயரத்திலிருந்து என் பேத்திக்கு ஓர் ஊஞ்சலைத் தந்திருக்கிறது என்ற எண்ணமே மேலோங்குகிறது. நான் நன்றி சொல்ல வேண்டியவர்களில் அவர்களும் உண்டு.

நேட்டிக்வாசி, 17 ஏப்ரல் 2024

தெற்குவாசல் ஐயா, எனக்குள் உறுத்திக்கொண்டிருந்ததற்கு நீங்கள் உருவம் கொடுத்துவிட்டீர்கள். இனி யாராவது அப்படிச் சொன்னால் என்ன பதில் சொல்வது என்று இப்போது தெரிகிறது. இரவுப்பணி அம்மா, உங்கள் கணவரைப் பற்றி எழுதியதற்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். இன்று காலை அதை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் கழித்து, "அக்காவிடம் சொல்லிவிடுங்கள்" என்றார்.

முல்லைக்கொடி, 18 ஏப்ரல் 2024

இதுவரை எழுதியவர்களில் யாரும் காத்து நின்ற பக்கத்திலிருந்து எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன். என் கணவர் அன்று ஓடினார். நானும் நான்கு வயது மகளும் பாய்ல்ஸ்டனில் நின்றோம்.

ஓடுபவர் குறிப்பிட்ட தூரங்களைக் கடக்கும்போதெல்லாம் நம் தொலைபேசிக்குக் குறுஞ்செய்தி வரும் ஏற்பாடு அப்போதும் இருந்தது. காத்திருப்பவர்களுக்கு அந்தச் செய்திகள்தாம் மூச்சு. 30 கிலோமீட்டர் வந்தது, 35 வந்தது, பாதையில் வரும் நியூட்டன் மேடுகளைக் கடந்துவிட்டார் என்று மகளிடம் சொன்னேன். 2.36க்கு 40 கிலோமீட்டர் செய்தி வந்தது. மீதி இரண்டு கிலோமீட்டரும் சற்று மேலும். பதின்மூன்று, பதினான்கு நிமிடங்களில் இங்கே இருப்பார் என்று கணக்குப் போட்டு, மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு தெருவையே பார்த்தேன்.

இரண்டாவது வெடிச் சத்தத்திற்குப் பிறகு ஒரு கடைக்குள் புகுந்து, பின்கதவு வழியாகச் சந்துக்கு ஓடினோம். அதன்பின் இரண்டு மணி நேரம் என் தலைக்குள் அந்தக் கணக்கு மட்டுமே ஓடியது: 2.36, பதின்மூன்று நிமிடம், 2.49. அவர் சரியாக அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டும் என்று கணக்கு சொன்னது. கென்மோர் சதுக்கத்தருகே தசை பிடித்து அவர் நடந்துகொண்டிருந்தார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? அந்த இரண்டு மணி நேரம் நான் விதவையாக இருந்தேன். மகளுக்கு என்ன சொல்வது, மாமியாருக்கு எப்படித் தெரிவிப்பது என்றெல்லாம் ஒழுங்காக யோசித்தேன். அப்படி ஒழுங்காக யோசித்ததுதான் இன்றுவரை என்னை அச்சுறுத்துகிறது.

பிறகு வந்த வாரங்களில் எல்லோரும் அவரிடம் கேட்டார்கள்: எங்கே நிறுத்தினார்கள், எவ்வளவு தூரம் மீதி இருந்தது, அடுத்த ஆண்டு ஓடுவீர்களா. பாதித் தூரத்தைக் கடந்து நிறுத்தப்பட்டவர்களுக்கு 2014இல் மீண்டும் ஓட அழைப்பு வந்தது. அவரும் போய் முடித்துவிட்டு வந்தார், நான் மகிழ்ந்தேன். ஆனால் அன்று நீ எங்கே நின்றாய், என்ன பார்த்தாய், எப்படி வந்தாய் என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. அவர் கேட்பதற்கு ஐந்து ஆண்டுகள் ஆயின. மகள் கூட்டத்தைக் கண்டாலே என் கையை இறுகப் பற்றிக்கொள்வது குறைந்து, ஆலோசகர் இனி வர வேண்டியதில்லை என்று சொன்ன நாளில், காரில் வரும்போது கேட்டார். வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் சொன்னேன். இடையில் ஒரு சொல்லும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் எனக்கு எந்த நன்றியும் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று.

நேட்டிக்வாசி அண்ணா, உங்கள் முதல் பதிவை இரண்டு முறை படித்தேன். அதில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பது தெளிவாக இருக்கிறது. அந்த இரண்டு மணி நேரம் உங்கள் அக்காவும் மனைவியும் என்ன செய்தார்கள் என்பது இல்லை. அவர்களிடம் கேட்டிருக்கிறீர்களா?

ஆல்ஸ்டன்72, 18 ஏப்ரல் 2024

நான் அப்போது மாணவன். கென்மோர் சதுக்கத்தருகே நான்கு பேர் ஒரே வீட்டில் தங்கியிருந்தோம். ஓட்டம் நிறுத்தப்பட்டபோது எங்கள் வாசலில் நூற்றுக்கணக்கானவர்கள் அரைக்கால் சட்டையோடு நடுங்கிக்கொண்டு நின்றார்கள். கையில் கிடைத்த துண்டு, விரிப்பு எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொடுத்தோம். அம்மா ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய சென்னிமலைப் போர்வையை ஒரு வயதான ஓட்டக்காரருக்குப் போர்த்திவிட்டேன். அவர் பெயர் தெரியாது. போர்வையும் திரும்பி வரவில்லை. அன்றிரவு தொலைபேசியில் அம்மாவிடம் தயங்கிச் சொன்னபோது, "குளிருகிறவருக்குப் போர்த்தத்தானே கொடுத்தேன்" என்றார்.

அடுத்த ஆண்டு ஓட்டத்திற்கு முந்தைய நாள், முடிவுக் கோட்டருகே உள்ள பழைய தெற்குத் தேவாலயத்தில், பல ஊர்களிலிருந்தும் பின்னி அனுப்பப்பட்ட நீலமும் மஞ்சளுமான கழுத்துத் துணிகளை ஓட்டக்காரர்களின் தோள்களில் போர்த்தினார்கள். நான் ஓடவில்லை, வெளியே நின்று பார்த்தேன். யாரோ பின்னியது, யாருக்கோ போகிறது. என் போர்வையின் நினைவு வந்தது.

நேட்டிக்வாசி, 21 ஏப்ரல் 2024

முல்லைக்கொடி தங்கைக்கு: நான் கேட்டதில்லை. பதினொரு ஆண்டுகளில் ஒருமுறைகூடக் கேட்கவில்லை என்பதை உங்கள் பதிவைப் படித்த பிறகே உணர்ந்தேன். அன்றிரவே மனைவியிடம் கேட்டேன். அவர் சொன்னதில் பெரும்பகுதி எங்கள் இருவருக்குள் இருக்கட்டும். ஒன்றை மட்டும் எழுதுகிறேன்: என் பெயரைச் சொல்லி விசாரிக்க அருகிலிருந்த காவலரிடம் போனபோது, பெயரைச் சொல்ல வாய் வரவில்லை என்றும், நெஞ்சில் குத்தியிருந்த எண்ணைத்தான் சொல்ல முடிந்தது என்றும் சொன்னார். அந்த எண்ணை அவர் இன்றும் மறக்கவில்லை. எனக்கு மறந்துவிட்டது.

நேற்று அக்காவை அழைத்தேன். நன்றி என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டு, அன்று என்ன நடந்தது என்று கேட்டேன். முதலில், "அதெல்லாம் எதற்கு இப்போது?" என்றார். பிறகு சொல்லத் தொடங்கினார். வெடிச் சத்தம் கேட்டதும், அது பண்டிகைக்காகப் பீரங்கி வெடிக்கிறார்கள் என்று என் மகனிடம் சொல்லி, அவன் காதுகளைத் தம் இரு கைகளாலும் பொத்திக்கொண்டாராம். அந்த நாள் ஏதோ விடுதலைப் போரின் நினைவு நாள் என்று காலையில்தான் மகன் அவருக்கு விளக்கியிருந்தான். ஆம்புலன்ஸ்கள் கடந்து போகும் ஒவ்வொரு முறையும் அவனைத் திருப்பி நிறுத்தித் தம் புடவையில் முகத்தைப் பதித்துக்கொண்டாராம். டப்பாவில் இருந்த சாதத்தை மூவரில் யாரும் தொடவில்லையாம். "நீ வந்தால் பசியோடு வருவாய்" என்றார். வந்தால் என்ற அந்தச் சொல்லை அவர் எப்படிச் சொன்னார் என்பதை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை.

முழங்கால் வலியால்தானே முனைக்குப் போகலாம் என்றீர்கள், அந்த வலிக்குத்தான் நான் கடமைப்பட்டிருக்கிறேன் என்றேன். அக்கா சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

"முழங்காலுக்காக இல்லையடா. கோட்டுக்குப் பக்கத்தில் நின்றால் நீ ஓடிவந்து ஒரு நொடியில் தாண்டிப் போய்விடுவாய். முனையில் நின்றால், அந்தத் தெருவில் நீ ஏறி வருவதையும் பார்க்கலாம், திரும்பிப் போவதையும் பார்க்கலாம். கொஞ்ச நேரம் கூடுதலாக உன்னைப் பார்க்கலாமே என்றுதான் சொன்னேன். அவளிடம் அப்படிச் சொன்னால் சிரிப்பாள் என்று முழங்கால் மேல் பழியைப் போட்டேன்."

ஜூன் மாதம் பயணச்சீட்டு எடுத்திருக்கிறேன். மகனும் வருகிறான், அவனுக்கு இப்போது பதினேழு வயது, அந்தப் புடவையின் நிறம் நினைவிருக்கிறது என்கிறான்.